மார்பகப் புற்றுநோய்: ஆம்பூர்ப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியை, அதாவது அப்பரை, தைக்கிற பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2021இல் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ, ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் யாருக்காவது கட்டி என்றால் உடனே என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். பேர்ணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர் என்று எங்கிருந்தெல்லாமோ போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள் என்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மற்றதற்கு இது உதவும்.

எப்படித் தெரிந்தது? வலி இருந்ததா?

வலியே இல்லை. வலி இல்லாததால்தான் பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். குளிக்கும்போது அக்குள் பக்கமாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும், அழுத்தினால் நகரவில்லை. முதலில் போன கிளினிக்கில் சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொழுப்புக் கட்டி என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். என் நாத்தனார் நர்ஸ் வேலை பார்த்தவர். சீட்டை வாங்கிப் பார்த்தவர், "மாத்திரை இருக்கட்டும், நாளைக்கு மேமோகிராம் எடுக்கப் போறோம்" என்று அவரே கூட்டிக்கொண்டு போனார்.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன், தேவைப்பட்டால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சி, இதுதான் வரிசை. காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கலந்த கசிவு, தோல் குழிவிழுவது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, எங்கள் திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு அரசே பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று கதவைச் சாத்தாமல் போய்ப் பாருங்கள்.

பயாப்சி எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

இல்லை. ஊசியால் சதை எடுத்ததால் நோய் பரவியது என்பது பயத்தில் பிறந்த பேச்சு. பயாப்சி இல்லாமல் எந்த வகை என்று தெரியாது, வகை தெரியாமல் மருந்து முடிவு செய்ய முடியாது. இதற்குப் பயந்து நாள் கடத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

எல்லோரும் முதலில் தேடுவது ஸ்டேஜ். அது முக்கியம்தான். ஆனால் அதே அளவு முக்கியமான மூன்று பெயர்கள் அதில் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2. முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. அவை பாசிட்டிவ் என்றால் சிகிச்சைக்குப் பிறகு வருடக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை இருக்கும். என் வகை அதுதான். பாசிட்டிவ் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அழுதுகொண்டே போன் செய்கிறார்கள். இந்த இடத்தில் பாசிட்டிவ் என்றால், வேலை செய்யக்கூடிய மருந்து ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹெர்2 என்பது புற்றுநோய் செல்லின் மேல் இருக்கிற ஒரு புரதம். அதற்கு 0 முதல் 3 வரை மார்க் போடுவார்கள். 0, 1 என்றால் நெகட்டிவ். 3 என்றால் பாசிட்டிவ், அதற்கென்று டிராஸ்டுஸுமாப் ஊசி இருக்கிறது, வழக்கமாக ஒரு வருடம் போடுவார்கள். 2 என்றால் இரண்டுங்கெட்டான், ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ். அதற்கு ஹார்மோன் மாத்திரை பயன்படாது, கீமோதான் முக்கியம்.

ஒரு ஆஸ்பத்திரியில் பயாப்சி எடுத்து இன்னொன்றில் சிகிச்சைக்குப் போனால், அந்தச் சதையை வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வெறும் பேப்பரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வாரம் வீணாகும். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பிளாக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

எங்கே போவது? வேலூரா, சென்னையா?

நான் வேலூரில் பார்த்தேன். ஊரே வந்து நிற்கிற சி.எம்.சி., 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. இன்று அதன் வளாகம் ராணிப்பேட்டைப் பக்கமும் விரிந்துவிட்டது. எந்தப் பிரிவு எந்த வளாகத்தில் என்று அப்பாயின்ட்மென்ட் சீட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுவதும் உழைத்த இடம் அது. காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நம் பக்கத்து ஜனங்களுக்கு அது ஏனோ ஞாபகத்துக்கே வருவதில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தரம் ஏறக்குறைய சரிதான் என்றால் தூரத்தைப் பாருங்கள். ஒரு முறை போய் வருவதோடு முடிகிற வைத்தியம் இல்லை இது. கீமோ முடிந்த நாலாவது நாள் ராத்திரி காய்ச்சல் வந்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்று கணக்குப் போடுங்கள்.

செலவுக்கு என்ன செய்தீர்கள்?

எனக்குத் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. கைகொடுத்தது. ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று மட்டும் தெரியும், எதற்கென்று தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டர் பார்த்து, அங்கிருந்து மேலே ரெஃபர் செய்து, புற்றுநோய் சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்த ரெஃபரல் சீட்டு இல்லாமல் நீங்களாகப் போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் சிக்கல்தான். சம்பளமும் முழுதாக நின்றுவிடாது. சாதாரண நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், தொடர்ந்து இரண்டு வருடம் வேலையில் இருந்து பங்களிப்பும் சரியாகக் கட்டப்பட்டிருந்தால், அதற்குப் பிறகும் 80 சதவீதம், இரண்டு வருடம் வரைக்கும் நீட்டலாம். இந்த இரண்டாவது விஷயம் எங்கள் பிரிவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் மருந்தகத்தில் வரிசையில் நின்ற ஒரு பெரியவர்தான் சொன்னார். நோய்ப் பணம் வாங்குகிற காலத்தில் கம்பெனி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. எச்.ஆரிடம் பேசும்போது இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள், குரல் தானாகவே வேறு மாதிரி வரும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் பதிவு. அப்புறம் மாவட்டப் பெயர். நான் பிறந்தது வட ஆற்காடு. 1989இல் அதைப் பிரித்தார்கள், 2019இல் வேலூரையும் பிரித்தார்கள். வீடு அதே தெருவில்தான், மாவட்டம் மட்டும் மூன்றாகிவிட்டது. ஒரு கார்டில் வேலூர், இன்னொன்றில் திருப்பத்தூர் என்று இருந்தால் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். உடம்பு முடியாத நாளில் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்ல முடியாது.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலூர் சுலபம்தானே?

பாதி சுலபம். வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ் என்று வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி, காந்தி ரோடு சந்துகளில் லாட்ஜ் பிடித்து, ரூமிலேயே ஸ்டவ் வைத்துச் சோறாக்கி மாதக்கணக்கில் இருக்கிறார்கள். கடைப் பலகையெல்லாம் வங்காளியிலும் இந்தியிலும் இருக்கும். என்னோடு கீமோ போட்டுக்கொண்ட ஒரு அம்மா அசன்சோல்காரர். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழில் "வலி", "தண்ணி", "போதும்" மூன்றே வார்த்தை. "உனக்கு என்ன, சாயந்திரம் வீட்டுக்குப் போய்விடுவாய்" என்று சைகையிலேயே சொல்வார்.

உண்மைதான், சாயந்திரம் வீட்டுக்குப் போய்விடுவேன். ஆனால் மொட்டைத் தலையோடு அவர் காந்தி ரோட்டில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வீடு போய்ச் சேருவதற்குள் நாலு பேர் நிறுத்திவிடுவார்கள். "என்னம்மா திருப்பதியா?" என்று சிலர் தெரிந்தும் தெரியாத மாதிரி கேட்பார்கள். கொஞ்ச நாள் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேன்சர் என்று நேராகச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டவர்கள்தான் தடுமாறிப் போனார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்வதும் மறைப்பதும் அவரவர் இஷ்டம். மறைத்தால் ஒவ்வொரு நாளும் ஒரு கதை தயார் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் சோர்வு தனி.

பஸ்ஸில் போய் வருகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் பை, எலுமிச்சம்பழம், மாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். கீமோ நாளில் திரும்பும்போது மட்டும் எப்படியாவது காருக்கு ஏற்பாடு செய்யுங்கள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்று நின்று போகும்போது வருகிற குமட்டலை நான் எந்த எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

கீமோ ரொம்பக் கஷ்டமா?

கஷ்டம்தான், ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. மார்பகத்துக்குப் பரவலாகக் கொடுப்பது இரண்டு கட்டமாக. முதல் கட்டத்தில் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, கூடவே சைக்ளோஃபாஸ்ஃபமைடு, இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதைத் தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள், ஏனென்றால் அந்த மருந்து இதயத்தைத் தொடக்கூடியது. போட்ட ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தமென்று பயந்துவிடாதீர்கள், மருந்தின் நிறம்தான். முதல் மூன்று நாலு நாள் குமட்டல், வாய்க்கசப்பு. அதற்குப் பிறகு உடம்பு தெளிகிற மாதிரி இருக்கும், அந்த நேரத்தில்தான் வெள்ளையணுக்கள் குறையும். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை கவனம் வேண்டும்.

எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்றும் இருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி வேலை செய்துகொண்டிருக்கும். நேராக எமர்ஜென்சி. போனதும் முதல் வார்த்தையாக "கீமோ பேஷன்ட்" என்று சொல்லுங்கள். எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது. என் வீட்டுக்காரர் நடுராத்திரி பக்கத்து வீட்டு ஆட்டோவை எழுப்பிக்கொண்டு ஓடினார். அந்த ஆட்டோத் தம்பி இன்றைக்கும் எதிரே பார்த்தால் "காய்ச்சல் இல்லையே அக்கா?" என்றுதான் கேட்பான்.

இரண்டாவது கட்டம் பாக்லிடாக்செல். வாந்தி குறைவு, ஆனால் விரல் நுனி மரத்துப்போகும். எனக்கு இதுதான் சிவப்பு மருந்தைவிட வேதனை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஷூ தோலின் தடிமனைத் தடவிப் பார்த்துச் சொல்கிற கைக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னால் டோஸைப் பார்த்துக்கொள்வார்கள், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். எனக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. கால் விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

முடி?

இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வரும். தலையணை பூராவும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட முன்னாடியே மழித்துவிடுவது மேல். திரும்ப வளரும். எனக்குச் சுருட்டையாக வந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. விக் வாங்கினேன், வேலூர் மே மாதத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. பருத்தித் துணிதான் சரி.

கத்தரிக்காய் சாப்பிடலாமா?

சிரிக்காதீர்கள், என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். எங்கள் ஊரில் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு இல்லாமல் முடியாது, ஆனால் ஆபரேஷன் என்றதும் அது கரப்பான் பண்டமாகிவிடும். என் மாமியார் கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து கடைசியில் ரசத்தில் நிறுத்தினார். டயட்டீஷியன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காயம் ஆறவும் ரத்த அணுக்கள் ஏறவும் புரதம் வேண்டும். முட்டை நன்றாக வெந்ததாக, பருப்பு, மீன், கோழி, கேழ்வரகுக் களி எல்லாம் சாப்பிடலாம். எனக்குக் கத்தரிக்காயைத் தடுக்கவில்லை.

தவிர்க்க வேண்டியது சுத்தமில்லாததை. கீமோ காலத்தில் வெட்டி வைத்த பழம், ரோட்டோர ஜூஸ், பச்சைக் காய்கறி சாலட், காய்ச்சாத பால் வேண்டாம். வாய்ப்புண்ணுக்குக் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளித்தேன், காரத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கினேன். நாக்கில் ருசி போன நாட்களில் சில்லென்ற தயிர்சாதம்தான் இறங்கியது.

நாட்டு மருந்து ஏதாவது எடுத்தீர்களா?

இல்லை. முள் சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம், பெயரில்லாத ஒரு பொடி எல்லாம் வீடு தேடி வந்தன. கொண்டுவந்தவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. கீமோ மருந்துகளைக் கையாளுகிற கல்லீரல் வேறு எதையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எடுத்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கீமோவை நிறுத்திவிட்டுப் பொடிக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும், திரும்பி வந்தபோது கட்டி வெளியே வெடித்திருந்தது.

மார்பை... முழுசா எடுத்துட்டாங்களா?

இதை நேராக யாரும் கேட்பதில்லை. கண் கீழே போய்விட்டு மேலே வரும். ஆமாம், எனக்கு முழுதாக எடுத்தார்கள், அக்குள் நெறிகளையும் சேர்த்து. எல்லோருக்கும் அப்படி வேண்டியதில்லை. கட்டி சிறிதாக இருந்தாலோ, கீமோவில் சுருங்கினாலோ, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றலாம். அதோடு கரண்ட் வைத்தால் ஆயுள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பது பல வருட ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். "எனக்குக் காப்பாற்ற முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். வயசாகிவிட்டது, இனி எதற்கு என்று கூட வருகிறவர்கள் உங்களுக்காகப் பதில் சொல்ல விடாதீர்கள்.

நீர் வடிய ஒரு குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், நைட்டிக்குள் ஒரு துணிப்பை தைத்து அதில் போட்டுக்கொண்டேன். கைப் பயிற்சிதான் முக்கியம். சுவரில் விரலால் ஏறுவது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே. வலிக்கிறது என்று விட்டால் தோள் இறுகிவிடும். நெறி எடுத்த பக்கத்துக் கை பிற்பாடு வீங்கக்கூடும். அந்தப் பக்கம் ஊசி, பி.பி. வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், கனமான பையும் அந்தக் கையில் தூக்குவதில்லை.

பிராவுக்குள் வைக்கிற சிலிகான் மார்பு விலை அதிகம். பருத்தி நூலில் பின்னியதும் போதும். நானே மென்மையான லைனிங் துணியில் தைத்துக்கொண்டேன். கொஞ்சம் கனம் வேண்டும், இல்லாவிட்டால் பிரா மேலே ஏறும். அதற்கு உள்ளே என்ன போட்டேன் என்பதை நேரில் வந்தால் காட்டுகிறேன்.

கரண்ட் வைத்தால் சுடுமா?

வைக்கும்போது ஒன்றும் தெரியாது. சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரமோ ஐந்து வாரமோ. தோல் கறுத்து, கடைசியில் கொஞ்சம் உரியும். அவர்கள் போட்ட கோடுகளை அழித்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வைக்கிற கரண்டால் உங்கள் உடம்பில் கதிர் எதுவும் தங்காது, பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

ஒட்டுமா? பெண்ணுக்கு வருமா?

ஒட்டாது. எனக்கென்று தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்துவைத்த வீடும் உண்டு, அங்கே நான் அப்புறம் தண்ணீர் குடிக்கவில்லை.

பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரை. சின்ன வயதில் வந்திருந்தாலோ, வீட்டில் பலருக்கு மார்பகமோ சினைப்பையோ பாதித்திருந்தாலோ, பிராக்கா மரபணு டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். என் ஆயாவுக்கும் ஏதோ "மார்புல கட்டி" இருந்ததாம், அந்தக் காலத்தில் யாரும் பெயர் வைக்கவில்லை. அதையும் டாக்டரிடம் சொன்னேன். அப்புறம், பெண்ணின் கல்யாணத்தை நினைத்துத் தாயின் நோயை மறைக்கிறார்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது. விசாரித்துவிட்டுப் பின்வாங்குகிற சம்பந்தம் முன்னாடியே போய்விட்டால் நல்லதுதான் என்று என் பெண்ணே சொல்லிவிட்டாள்.

குணமாகிவிட்டதா?

டாக்டர்கள் அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டார்கள். இப்போது நோய் இல்லை, தொடர்ந்து பார்த்துக்கொள்வோம் என்பார்கள். தினம் டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம். ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் கெடும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் மட்டும் உடனே காட்ட வேண்டும். நன்றாக இருக்கிறேனே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து வேண்டாம். வருடம் ஒருமுறை அடுத்த பக்கத்துக்கு மேமோகிராம். அந்த வாரம் முழுவதும் நான் வீட்டில் எரிந்து விழுவேன், எல்லோருக்கும் பழகிவிட்டது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதலில் மிஷினில் உட்கார வைக்காமல் செக்கிங்கில் போடச் சொல்லிக் கேட்டேன், கொடுத்தார்கள்.

உங்களோடு பேசலாமா? ரிப்போர்ட் அனுப்பலாமா?

பேசலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வசதி. ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நோயாளியே பேசினால் நல்லது, அவருக்குத் தெரியாமல் மாடிக்குப் போய்ப் பேசுகிற மகன்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிவதில்லை. ரிப்போர்ட்டை அனுப்பி "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கவுண்டர், எந்த சீட்டு, ஜாக்கெட்டை எப்படித் தைப்பது, அன்றைக்கு என்ன சாப்பாடு எடுத்துப் போவது, இதெல்லாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்கிறேன்.